ஒரே கூடாரம், இரண்டு பதில்கள்: 'தி சால்ட் பாத்' பற்றி

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோர நடைபாதையின் நீளம் 630 மைல். சாமர்செட்டில் மைன்ஹெட்டில் தொடங்கி, டெவன், கார்ன்வால் எல்லாம் சுற்றி, டார்செட்டில் பூல் துறைமுக வாயில் முடிகிறது. கள்ளக்கடத்தல்காரர்களைத் தேடிக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம் இது. ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்தாக வேண்டும் என்பதால் பாதை பாறை விளிம்பை விடாமல் ஏறி இறங்கிப் போகிறது. மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் எவரெஸ்ட்டின் உயரத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. இன்றைக்கு இதில் விடுமுறைக்கு நடக்க வரும் தம்பதிகள் ஏராளம். பையை வண்டியில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிட்டு, கையை வீசி நடந்து, சாயங்காலம் பப்பில் உட்காரலாம்.

ரேனர் வின் எழுதி 2018இல் வெளிவந்த 'தி சால்ட் பாத்' இதே பாதையில் நடந்த ஒரு தம்பதியின் தன்வரலாறு. ஆனா இவங்க போனது விடுமுறைக்கு இல்லை. நண்பரின் தொழிலில் போட்ட முதலீடு வழக்காக மாறி வேல்ஸில் இருந்த வீடு கைவிட்டுப் போகிறது. அதே வாரத்தில் கணவர் மோத்துக்குக் குணப்படுத்த முடியாத நரம்பு நோய் என்று மருத்துவர் சொல்கிறார். ஐம்பது வயது தாண்டிய கணவன், வாரம் 48 பவுண்டு அரசு உதவி, ஒரு கூடாரம். இதுதான் புத்தகம் சொல்லும் கதை.

என் வாசிப்பில் புத்தகத்தின் உயிர் கடல் வர்ணனையில் இல்லை. வழியில் கேட்பவர்களிடம் முதலில் உண்மையைச் சொல்கிறார்கள்: வீடு இல்லை. கேட்டவர்கள் முகம் சுருங்கி, நாயை இழுத்துக்கொண்டு நகர்கிறார்கள். பிறகு பதிலை மாற்றுகிறார்கள்: வீட்டை வித்துட்டு நடக்கக் கிளம்பிட்டோம். உடனே பாராட்டு! அதே கூடாரம், அதே அழுக்குச் சட்டை. அந்த வருஷம் கவிஞர் சைமன் ஆர்மிடேஜும் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தார். சிலர் மோத்தை அவரென்று நினைத்து உபசரிக்கிறார்கள். வெளியில் படுத்துத் தூங்குவதையே குற்றமாக்கிய 1824ஆம் வருஷத்து நாடோடிச் சட்டம் உருவான நாட்டில், ஒரு கூடாரம் சாகசமா குற்றமா என்பதை உள்ளே இருப்பவர் சொல்லும் கதைதான் தீர்மானிக்கிறது. இதை இவ்வளவு நேராகக் காட்டிய நடைப்பயண நூல் வேறெதையும் நான் படித்ததில்லை.

2025 ஜூலையில் 'தி அப்சர்வர்' ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. வீடு போனதற்கு உண்மைக் காரணம், வின் முன்பு வேலை பார்த்த இடத்தில் எழுந்த பணக் கையாடல் புகார் என்றது அது. நோய் பற்றியும் சந்தேகம் கிளப்பியது. கட்டுரை திசைதிருப்புகிறது என்று வின் மறுத்தார். மருத்துவர்களின் கடிதங்களையும் வெளியிட்டார். வாசகர்களில் பலர் ஏமாந்துபோனதாகக் கொதித்தார்கள். வேறு சிலர், இலக்கியம்தானே, என்ன இப்போ என்றார்கள்.

இரண்டாவது தரப்பை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மைக் கதை என்று அட்டையில் போட்டு விற்ற புத்தகம் இது. நடந்தால் உடம்பு தேறுகிறது என்ற நம்பிக்கையையும் சேர்த்தே கொடுக்கிறது. அந்த நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இதைக் கதையாகவா படித்திருப்பார்கள்?

ஆனால் முதல் தரப்பின் கோபத்துக்குள்ளும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'அப்பாவிகள்னு நினைச்சுத்தானே இரக்கப்பட்டோம்' என்கிற கோபம் அது. இங்கிலாந்தின் வீட்டுவசதிச் சட்டத்தில் 'வேண்டுமென்றே வீடிழந்தவர்' என்று ஒரு வகையே உண்டு. அதில் சேர்க்கப்பட்டால் நகராட்சியின் பொறுப்பு சுருங்கிவிடும். தகுதியுள்ள ஏழை, தகுதியில்லாத ஏழை என்று பிரிக்கும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சிதான் அது. புத்தகத்தின் பலவீனம் இங்கேதான், இது 2018லேயே கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. வழிப்போக்கர்களின் இந்தப் பிரிவினையைக் கண்டிக்கும் அதே நூல், முதல் அத்தியாயங்களில் தன் நாயகர்கள் துளியும் தப்புச் செய்யாதவர்கள் என்று நிறுவ அத்தனை பாடுபடுகிறது. தப்புச் செய்து வீட்டை இழந்த ஒருவருக்கு மழையில் கூடாரம் நனைந்தால் குளிராதா? இந்தக் கேள்வியை நூல் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இத்தனை லட்சம் பிரதி விற்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

இனி படிப்பவர்களுக்கு என் யோசனை: வழக்கு, நோய் பற்றிய பக்கங்களை ஒரு தரப்பின் வாக்குமூலமாக மட்டும் படியுங்கள். வழிப்போக்கர்கள் விலகிப்போகும் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். அந்த இடத்தில் நாம் நின்றிருந்தால் எந்தப் பதிலுக்குச் சிரித்திருப்போம் என்று யோசிக்க அவை போதும்.