சதுப்பில் ஒரு வாத்து: ஹாக்பாமை இன்று படிப்பது

எச். ஆல்பர்ட் ஹாக்பாம் எழுதிய ‘தி கேன்வாஸ்பேக் ஆன் எ ப்ரெய்ரி மார்ஷ்’ 1944ல் வந்த நூல். ஒரே ஒரு வாத்து இனம், கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஒரே ஒரு சதுப்பு, ஏறக்குறைய இருநூறு பக்கம், ஆசிரியரே வரைந்த கோட்டோவியங்கள். மறுவருஷமே அமெரிக்கப் பறவையியலாளர் சங்கத்தின் ப்ரூஸ்டர் பதக்கம் அதற்குக் கிடைத்தது. நீர்ப்பறவை ஆய்வாளர்கள் இன்றுவரை இதை மேற்கோள் காட்டுகிறார்கள். முழுசா படிச்சவங்க எத்தனை பேர் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. என் கணிப்பு இது: கண்ணால் பார்த்ததை எழுதிய இடங்களில் இது அசாத்தியமான புத்தகம். பார்த்ததை வைத்து விதி சொல்லப் போன இடத்தில் சறுக்குகிறது. அது காட்டுகிற சதுப்போ இப்போது அந்த நிலையில் இல்லை.

முதலில் பறவை. நம்ம ஊர் வயல்களில் மேய்க்கிற வாத்து நீரில் தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி நின்று சாப்பிடும் வகை. கேன்வாஸ்பேக் அப்படியல்ல, மூச்சடக்கி முழுசாக அடிக்குப் போய்க் கிழங்கு தோண்டுகிற முங்கு வாத்து. (நம் ஏரிகளில் முங்கி முங்கி எழும் முக்குளிப்பான் வாத்தே அல்ல, அது வேறு குடும்பம். குழப்பிக்க வேண்டாம்.) முங்குவதற்கு வசதியாகக் கால்கள் உடம்பின் பின்பக்கம் தள்ளி இருக்கும். அதற்கு அது கொடுக்கும் விலை பெரிசு. தரையில் நடை தடுமாறும். நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது, நீர்மேல் ஓடித்தான் பறக்க வேண்டும். அதனால் கூட்டையும் கரையில் கட்டாமல் பெரும்பாலும் நீருக்கு மேலேயே, கோரைக்கும் சம்புக்கும் நடுவில் கட்டுகிறது.

இந்தக் கடைசி விஷயத்தை ஹாக்பாம் மாதிரி யாரும் எழுதியதில்லை. நீருக்கு மேல் கூடு என்றால் வாழ்க்கையே நீர்மட்டத்தைப் பொறுத்தது என்று அர்த்தம். ஒரு சாண் ஏறினால் முட்டை நனையும். ஒரு சாண் இறங்கினால் கூடு தரைதட்டும், நாலுகால் பிராணிகள் நடந்தே வந்துவிடும். இதற்கு நடுவில் ரெட்ஹெட் என்கிற இன்னொரு முங்கு வாத்து வந்து கேன்வாஸ்பேக் கூட்டில் தன் முட்டையை இட்டுவிட்டுப் போகும். அந்தத் தள்ளுமுள்ளில் வீட்டுக்காரியின் முட்டைகள் சில நீரில் விழும். குயிலுக்குக் காக்கைக் கூடு மாதிரிதான், ஆனா ரெட்ஹெட்டுக்குச் சொந்தக் கூடு கட்டவும் தெரியும். சில பெட்டைகள் இரண்டையும் செய்யும். ஹாக்பாம் இதை வில்லன் கதையாக ஆக்காதது எனக்குப் பிடிச்சது.

இப்போ அவருடைய புகழ்பெற்ற கருத்துக்கு வருவோம். இனப்பெருக்கக் காலத்தில் ஒவ்வொரு வாத்து ஜோடிக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் நான்கு வேண்டும்: நீர், ஓய்வாக நிற்க ஓரிடம், பக்கத்தில் கூடு கட்ட மறைவு, உணவு. ஆண் அந்த எல்லையைக் காக்கும். ஆகவே ஒரு சதுப்பில் இத்தனை ஜோடிதான் இருக்க முடியும். கேட்க அழகாக இருக்கிறது. நிர்வாகம் செய்பவர்களுக்கு ரொம்ப வசதியும்கூட. குளத்தை எண்ணினால் வாத்தை எண்ணிய மாதிரி.

பின்னால் வந்தவர்கள் வாத்துகளின் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது இது இளகியது. 1955ல் டிஸுபின் வாத்து ஜோடிகளின் நடமாட்டப் பரப்பு பற்றி எழுதினார். ஹாக்பாம் தலைமை வகித்த அதே டெல்டா ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் மெக்கின்னி, 1965ல் வாத்துகள் ஒன்றையொன்று துரத்துவதன் அர்த்தத்தை மறுபடி அலசினார். முங்கு வாத்துகளில் ஆண் பெரும்பாலும் மண்ணைக் காப்பதில்லை, தன் பெட்டையைக் காக்கிறது. பெட்டை எங்கே போகிறதோ அங்கே அதைச் சுற்றி ஒரு நகரும் வளையம், அவ்வளவுதான். ஜோடி ஒரே குளத்தில் குடியிருப்பதில்லை. மேய ஒரு குளம், கூட்டுக்கு ஒரு குளம், குஞ்சு பொரித்தபின் வேறொரு குளம்.

இதைப் பண்டிதர்களின் சச்சரவு என்று தள்ளிவிட முடியாது. ஜோடிக்கு ஒரு குளம் என்று நம்பினால், ஒரு நல்ல குளத்தைக் காப்பாற்றிவிட்டுப் பக்கத்து மூன்றை விவசாயத்துக்கு வடிகட்டிவிடலாம், கணக்கு இடிக்காது. ப்ரெய்ரி வெளிகளில் பனிப்பாறை விட்டுப்போன லட்சக்கணக்கான குட்டைகளுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான். கேன்வாஸ்பேக் அதிகமாகப் பெருகுவதும் அந்தச் சின்னக் குட்டைகளில்தான், டெல்டா மாதிரிப் பெரிய சதுப்பில் அல்ல. ஹாக்பாம் தன் ஜன்னலுக்கு வெளியே இருந்ததை எழுதினார். தப்பில்லை. ஆனா படிக்கிறவன் மனசில் ‘வாத்துக்குச் சதுப்பு’ என்றால் ஏரியோரம் விரிந்த பெரிய நாணல்காடு என்று பதிந்துவிடுகிறது. வரப்போரக் குட்டை யார் கண்ணிலும் படாமல் போகிறது.

இன்னொரு குறை, பாதி வருஷம் காணோம். இந்த வாத்தின் விலங்கியல் பெயரிலேயே ஒரு நீர்ச்செடி இருக்கிறது: வாலிஸ்நேரியா. மீன் தொட்டிகளில் நாடா மாதிரி நீண்டு வளருமே, அந்தச் செடியின் சொந்தக்காரி. 1814ல் அலெக்சாண்டர் வில்சன் பெயர் வைத்தபோது ஓர் ‘எல்’ விடுபட்டது, அப்படியே நிலைத்துவிட்டது. அந்தச் செடியைத் தின்று கேன்வாஸ்பேக் குளிர்காலம் கழித்த இடங்களில் பேர்போனது அமெரிக்காவின் செசபீக் வளைகுடா. அங்கே கழிவும் வண்டலும் ஏற ஏற நீரடிச் செடிகள் குறைந்தன. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் கொண்டுவந்த சேறு மிச்சத்தையும் மூடியது. வாத்துகள் சின்னச் சிப்பிகளுக்கு மாறின, அங்கே வந்து தங்கும் கூட்டமும் சுருங்கியது. இதெல்லாம் 1944க்குப் பிறகு நடந்தது, ஹாக்பாமைக் குற்றம் சொல்ல முடியாது. நான் சொல்வது நூலின் சட்டகத்தை. பறவை வசந்தத்தில் மேடை ஏறுகிறது, இலையுதிர்காலத்தில் இறங்கிவிடுகிறது. மேடைக்குப் பின்னால் அது எப்படிப் பிழைக்கிறது என்பதில் நூலுக்கு அக்கறை குறைவு. 1955ல் வந்த அடுத்த நூலில் அவரே வலசையைக் கையில் எடுத்தார், அந்தப் பசி அவருக்கும் இருந்திருக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. டெல்டா ஆய்வு நிலையம் 1938ல் தொடங்கியது. இடம், ஜெனரல் மில்ஸ் நிறுவனர் ஜேம்ஸ் ஃபோர்ட் பெல் வாத்து வேட்டைக்காக வைத்திருந்தது. வழிகாட்டி ஆல்டோ லியோபோல்ட், ஹாக்பாம் அவருடைய மாணவர். 1944ல், லியோபோல்டின் கட்டுரைக் கைப்பிரதிகளைப் படித்த மாணவர் ஆசிரியருக்குத் தயவுதாட்சண்யம் இல்லாமல் எழுதினார்: ஓநாய்கள் அழிந்ததற்கு வருந்துகிறீர்கள், நீங்களும் ஒருகாலத்தில் சுட்டவர்தானே, அதையும் எழுத வேண்டாமா? சாகும் ஓநாயின் கண்ணைப் பற்றிய அந்தப் பிரசித்தமான கட்டுரையை லியோபோல்ட் 1944 ஏப்ரலில் எழுதினார். அவர் மறைந்தபின் 1949ல் வந்த நூலில் அதுதான் இதயம். ஒரு விமர்சகன் செய்யக்கூடிய ஆகப்பெரிய காரியம் இது என்று நினைக்கிறேன்.

அதே கேள்வியை ஹாக்பாமின் நூலிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்த ஆய்வே துப்பாக்கிக்காரர்களின் காசில் நடந்தது. வாத்து குறைந்தால் வேட்டை நின்றுவிடும் என்ற கவலைதான் நிலையத்தைக் கட்டியது. அதில் பாசாங்கு எதுவும் இல்லை. வட அமெரிக்காவில் சதுப்புகளைக் காத்த பணத்தில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களுடையதுதான், நமக்குப் பிடிச்சாலும் பிடிக்காவிட்டாலும். ஆனால் ஆசிரியருக்கு அவர் கேட்ட ‘நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்’ என்பதற்கு அவருடைய சொந்தப் பக்கங்களில் பதில் மெலிசாக இருக்கிறது. கண்ணாக இருக்கிறார், கையாக இல்லை.

அப்புறம் அந்தச் சதுப்பு. 1930களின் வறட்சியைப் பார்த்த தலைமுறைக்கு நீர் வற்றுவதுதான் எதிரி. 1937ல் பிறந்த டக்ஸ் அன்லிமிடெட் மறுவருஷமே மனிடோபாவில் அணைகட்டி நீர் நிறுத்தத் தொடங்கியது. 1961ல் ஃபேர்ஃபோர்ட் அணை வந்ததும் மனிடோபா ஏரியின் மட்டம் ஏறியிறங்குவது அடங்கியது. நல்லதுதானே என்று தோணும். இல்லை. வற்றினால்தான் சேற்றில் கிடக்கும் கோரை விதை முளைக்கும், பெருகினால்தான் மண்டிய சம்பு சாகும். இந்தச் சுழற்சியை டெல்டாவிலேயே 1980களில் தனித்தனிப் பாத்திகள் கட்டி, நீரை ஏற்றி இறக்கி ஆராய்ந்தார்கள். மட்டம் நிலைத்த சதுப்பில் கலப்பினச் சம்பு சுவர் மாதிரி அடைத்துக்கொண்டது. 1940களின் பின்பாதியில் உள்ளே நுழைந்த கெண்டை மீன்கள் அடியைக் கிளறிக் கலக்கின, வெளிச்சம் போகாமல் நீரடிச் செடிகள் செத்தன. முங்கு வாத்துக்கு அடியில் ஒன்றும் இல்லையென்றால் முங்கி என்ன பயன்?

ஆகவே ஹாக்பாமின் ஓவியங்களை நான் இப்போது வேறுவிதமாகப் பார்க்கிறேன். கூட்டைச் சுற்றி எவ்வளவு கோரை, இடையில் எவ்வளவு திறந்த நீர், என்ன செடி என்பதையெல்லாம் அவர் கை கவனமாகக் குறித்திருக்கிறது. எல்லைக் கோட்பாட்டைத் தள்ளிவிட்டாலும் இது தேய்வதில்லை. 2013 வாக்கில் டெல்டாவின் வாய்க்கால்களில் பெரிய கெண்டைகளைத் தடுக்கக் கம்பி வலைச் சட்டங்கள் பொருத்தினார்கள். செடிகள் எந்த அளவுக்குத் திரும்ப வேண்டும் என்று அங்கே யாராவது கேட்டால், கையில் கொடுக்க இந்தப் புத்தகம் இருக்கிறது. கோட்பாட்டுப் பகுதிகளை வேகமாகத் தாண்டலாம். கூடு பற்றியவற்றை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.