ரோமர் 9:5-உம் பகுப்பிலக்கணத்தின் எல்லையும்

ஒரு வாக்கியம் இருவகையாகப் பகுக்கப்பட இடந்தருமாயின், இலக்கணத்தின் கடமை யாது? ஒன்றைத் தெரிந்து மற்றதை மறைத்தலா? இரண்டையும் முன்வைத்தலா?

ரோமர் 9:5 இக்கேள்வியை நம்முன் நிறுத்துகிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் நிறுத்தக்குறிகள் அருகியே காணப்படும். 'மாம்சத்தின்படி' என்பதற்குப்பின் முற்றுப்புள்ளி இடின், பின்வருவது பிதாவுக்குரிய துதியாகும். காற்புள்ளி இடின், கிறிஸ்துவே சர்வத்திற்கும் மேலான தேவன் என அறிக்கையிடப்படுகிறார். 1946-இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்திய புதிய ஏற்பாடு முன்னதைக் கொண்டது. 1989-இல் வந்த அதன் புதிய திருத்தம் பின்னதைக் கொண்டது. இரண்டுமே மற்றப் பொருளை அடிக்குறிப்பில் காட்டின. நம் பழைய தமிழ்த் திருப்புதலும் பின்னதையே தழுவியது.

இத்தகைய மயக்கத்தைக் கணினி அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். 1970-இல் ஜே எர்லி வெளியிட்ட முறை, சொற்களை வரிசையாக வாசிக்கையில் இயலக்கூடிய பகுப்புகளையெல்லாம் கைவிடாது உடன்கொண்டு செல்லுகிறது. 1980-களில் மசாரு டொமீட்டா வகுத்த முறை, பல பகுப்புகளுக்கும் பொதுவான கிளைகளை ஒருமுறையே பதிந்து ஒரே அமைப்பில் சேர்த்து வைக்கிறது. அவசரப்படாமையே இவற்றின் சிறப்பு. எனினும், எது ஆசிரியர் கருத்து என இவை கூறா. அதனை அறியப் பலர் வழக்கின் எண்ணிக்கையை நாடினர். மிகுதியாக வழங்கும் அமைப்பே ஏற்புடையது என்பது அவர்கள் துணிபு.

இத்துணிபு இங்கே நிலைபெறாது. தனித்து நிற்கும் துதிகளில் 'ஸ்தோத்திரிக்கப்பட்டவர்' என்னும் சொல் பெரும்பாலும் முதலில் வரும். இங்கோ பின்னர் வருகிறது. எனவே எண்ணிக்கை கிறிஸ்துவைச் சுட்டும். ஆயினும் பவுல் கிறிஸ்துவைத் 'தேவன்' என்று அழைத்தல் மிக அரிது. எனவே எண்ணிக்கை பிதாவையும் சுட்டும். கணக்கு தனக்கே எதிர்ச்சாட்சி ஆகிறது. மேலும், அரிதாகச் சொல்லப்பட்டது சொல்லப்படாதது ஆகாது.

நாம் பின்னதையே ஏற்கிறோம். 'மாம்சத்தின்படி' என்னும் சொல், 1:3,4-இல் போலவே, தனக்கு ஈடான மறுபாதியை எதிர்நோக்கி நிற்கிறது. ஆனால் இது சந்தர்ப்பம் நோக்கிய தீர்ப்பேயன்றி இலக்கணத்தின் கட்டளை அன்று. ஆகையால் பிரசங்க பீடத்தில் நின்று, 'கிரேக்க இலக்கணம் இதனை நிரூபிக்கிறது' என்று கூறுவது நேர்மையாகாது. கிறிஸ்துவின் தெய்வத்துவம் ஒரு காற்புள்ளியில் தொங்கவில்லை. தோமாவின் அறிக்கை யோவான் 20:28-இல் உண்டு. இரு பொருளையும் சபைக்குக் காட்டி, தன் தெரிவுக்குக் காரணமும் கூறும் போதகரே வசனத்தை நிதானமாய்ப் பகுப்பவர்.