ஒரு நாள் லம்போர்கினி

துபாயில் லம்போர்கினி ஊருஸில் போனேன். ஓட்டியது நண்பரின் தம்பி. ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பிறந்தநாளுக்கு ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தார். வாடகை 2,800 திர்ஹம். நம் காசில் அறுபதாயிரத்துக்கு மேல். போதாததற்கு டெபாசிட் என்று கார்டில் இன்னும் 5,000 திர்ஹத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

முதலில் வண்டிக்கு நியாயம் செய்துவிடுகிறேன். 2017 டிசம்பரில் அறிமுகமானது. 4 லிட்டர் வி8 எஞ்சின், இரட்டை டர்போ, 650 குதிரைசக்தி. 2.2 டன் உடம்பைத் தூக்கிக்கொண்டு 3.6 செகண்டில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. உச்ச வேகம் 305. அடித்தளம் மட்டும் ஆடி க்யூ7, போர்ஷே கயான், பென்ட்லி பென்டேகா ஆகியவற்றோடு பொது. ஒரே மாவு, இது நெய் ரோஸ்ட். பிரேக், ஸ்டீயரிங், உள்ளே தோல் வேலைப்பாடு எதிலும் குறை சொல்ல முடியாது.

குறை வாடகைச் சீட்டில் இருக்கிறது.

ஊருஸில் 'சப்பியா' என்று ஒரு டிரைவிங் மோட் உண்டு. இத்தாலிய மொழியில் மணல். ஊரைச் சுற்றி மணல்தான். தம்பி ஆசையாக லீவரில் கை வைத்தார். ஒப்பந்தத்தைப் படித்தேன்: தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது.

சரி, வேகமாவது? ஷேக் சாயத் ரோட்டில் வழிநெடுகக் காமிரா. 2018 ஆகஸ்டில் வாடகை லம்போர்கினி ஹுராக்கான் எடுத்த ஒரு பிரிட்டிஷ் பயணி சில மணி நேரத்தில் சுமார் 1,70,000 திர்ஹம் அபராதம் சேர்த்தது உலகச் செய்தியானது. தம்பி 110-ஐத் தாண்டவில்லை. பக்கத்தில் ஒரு பழைய கொரோலா எங்களை ஓவர்டேக் செய்து போயிற்று.

ஆக, மணலும் கிடையாது, வேகமும் கிடையாது. பின் எதற்கு வாடகை? ஜுமேரா கடற்கரையில் வண்டியை நிறுத்தி முக்கால் மணி நேரம் போட்டோ எடுத்தோம். அதற்கு எஞ்சினே தேவையில்லை.

போட்டோ அன்றைக்கே ஊருக்குப் போயிற்று. மறு வாரம் அக்கா வீட்டுக்காரர் போன். "மாப்ளே, வண்டி சூப்பர். பெரியவளுக்கு இன்ஜினீயரிங் சீட் பாத்திருக்கோம். ஒரு ரெண்டு லட்சம் பொரட்ட முடியுமா?"

'வாடகை வண்டி மாமா' என்று சொல்ல வாய் வரவில்லை. கடன் வாங்கி ஒரு லட்சம் அனுப்பினார். ரசீதில் வராத வாடகை இது.

ஆசைப்படுவதைக் குற்றம் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு செட் நகை வாடகைக்கு எடுக்கிற நாம் அதைச் சொல்லவும் கூடாது. வேகம்தான் ஆசை என்றால் துபாயிலேயே ஆட்டோட்ரோம் இருக்கிறது; அங்கே பந்தயப் பாதையில் காசு கட்டி ஆசை தீர ஓட்டலாம். வாடகைக்கு எடுத்ததைச் சொந்தம் போலக் காட்டும்போதுதான் மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது. வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அது நிற்பதில்லை.

"அண்ணே, அந்த போட்டோவை டெலீட் பண்ணிடவா?" என்று கேட்டார் தம்பி.

பண்ணலாம். ஆனால் அக்கா வீட்டுக்காரர் அதைப் பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாராம்.