கோட்டின் மேல் ஓர் உருளல்

ஹவாய்த் தீவின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் டிரையத்லானில் கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். கெடு 17 மணி நேரம். முதலில் வருபவர் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார். எனக்கென்னவோ இருட்டில் வந்து சேர்பவர்களைத்தான் பிடிக்கும்.

2005-இல் அப்படி வந்தவர் ஜான் பிளெய்ஸ். அமெரிக்கர். அந்த மே மாதம்தான் அவருக்கு ஏ.எல்.எஸ். என்று தெரிந்திருந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் சாகும் நோய் அது. குணப்படுத்தும் மருந்து இல்லை. அக்டோபரில் கடலில் இறங்கினார். பதினாறரை மணி நேரம் ஆகப்போகும் தறுவாயில் முடிவுக் கோட்டருகே வந்தவர், தரையில் படுத்து, மரக்கட்டைபோல் உருண்டு அதைத் தாண்டினார்.

அந்த உருளலின் அழகே அதிலுள்ள குறும்புதான். எல்லோரும் கைகளை உயர்த்திப் புகைப்படத்துக்கு நிற்கும் இடம் அது. நாளெல்லாம் பாடுபட்டு நிமிர்த்தி வைத்த உடம்பை அங்கே, கால் இன்னும் நடக்கும்போதே, தானாகக் கிடத்துகிறார். நோய் கிடத்தும்வரை காத்திருக்கவில்லை.

2007 மே மாதம் அவர் இறந்தார். அவர் நினைவாக இன்றும் சில வீரர்கள் உருண்டே முடிக்கிறார்கள். உருள்வதுகூட எளிது, அத்தனை தூரம் ஓடிய கால்களோடு மறுபடி எழுந்திருப்பதுதான் பெரும்பாடு.