கண்ணாடியில் மண் சாலை: கைப்பேசியில் பழைய ராலி விளையாட்டு

பல கார்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒன்றையொன்று முந்த முயலும் வட்டப்பாதைப் பந்தயத்திலிருந்து ராலி அடிப்படையிலேயே வேறுபட்டது. காட்டு வழியோ மலைச் சாலையோ போக்குவரத்துக்கு அடைக்கப்பட்டு, சிறிது இடைவெளி விட்டுக் கார்கள் ஒவ்வொன்றாக அனுப்பப்பட, கடிகாரம் ஒன்றே எல்லோருக்கும் பொது எதிரியாகிறது. இவ்வாறு அளக்கப்படும் பகுதி ‘சிறப்புக் கட்டம்’ எனப்படும். சாலை முழுவதையும் மனப்பாடம் செய்வது இயலாதாகையால், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் இணை ஓட்டுநர், முன்கூட்டியே பயணித்து எழுதிவைத்த பாதைக்குறிப்புகளை, அதாவது அடுத்து வரும் வளைவின் திசை, கூர்மை, மேடு, பள்ளம் ஆகியவற்றைச் சுருக்கச் சொற்களில் வாசித்துக்கொண்டே வருகிறார். ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் சாலையைக் காட்டிலும் காதில் விழும் சாலையை நம்பியே வண்டியைச் செலுத்துகிறார். கைப்பேசியில் பழைய ராலி விளையாட்டுகளை ஆடும் வழக்கத்தை எடைபோடுவோர் பெரும்பாலும் கட்டைவிரலைப் பற்றியே பேசுகின்றனர். அந்த வழக்கத்தின் மதிப்பும் குறையும் விரலைவிடக் காதிலேயே தீர்மானமாகின்றன.

இவ்வகை விளையாட்டுகளில் செவ்வியல் தகுதி பெற்றது, பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 1998-இல் பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் வெளியிட்ட ‘காலின் மெக்ரே ராலி’ ஆகும். 1995-இல் சுபாரு இம்ப்ரெசாவை ஓட்டி உலக ராலிப் பட்டம் வென்ற ஸ்காட்லாந்து வீரரின் பெயரைத் தாங்கிய அது, விளையாட்டு வெளியான காலத்தில் அவருடைய இணை ஓட்டுநராக இருந்த நிக்கி கிரிஸ்ட்டின் குரலையும் பதிவுசெய்து கொண்டது. 2000-இல் வந்த இரண்டாம் பாகம் எட்டு நாடுகளின் சாலைகளைக் காட்டியது. 2013-இல் ஐபோனுக்காக அதே பெயரில் வெளியான பதிப்பு இந்த இரண்டாம் பாகத்தை அடித்தளமாகக் கொண்டதே. இது தவிர, பழைய பிளேஸ்டேஷன் வட்டினை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எமுலேட்டர் வழியாக, அதாவது பழைய கருவியின் நடத்தையை மென்பொருளால் போலச்செய்யும் நிரல் வழியாக, ஆடும் பழக்கமும் உண்டு. மறுபதிப்பு, எமுலேட்டர் என்னும் இவ்விரு வழிகளின் நிறைகுறைகள் ஒன்றல்ல.

கைப்பேசிக்கு எதிரான வழக்கமான குற்றச்சாட்டு, திரையில் வரைந்த பொத்தான்களால் ஸ்டியரிங்கை நுட்பமாகத் திருப்ப இயலாது என்பதாகும். இதில் பாதி உண்மையே உள்ளது. குச்சிகளோடு கூடிய கன்ட்ரோலர் பரவலாகும் முன்பு, பிளேஸ்டேஷனோடு வந்த முதல் கன்ட்ரோலரிலும் திசைப் பொத்தான்கள் மட்டுமே இருந்தன; அவற்றிலும் முழுத் திருப்பம், திருப்பமின்மை என்ற இரு நிலைகளே உண்டு; அன்றைய ஆட்டக்காரர்கள் பொத்தானை விட்டுவிட்டுத் தட்டியே சறுக்கலை அடக்கினர். அந்தப் பொத்தானுக்கு விளிம்பு இருந்தது என்பதே வேறுபாடு. விரல் தன் இடத்தைப் பாராமலே அறிந்தது. கண்ணாடிக்கு விளிம்பு இல்லாததால் விரல் மெல்ல நழுவ, கிரீஸின் கற்சாலையில் இடப்பக்கம் திரும்ப வேண்டிய கார் நேரே சென்று பாறையில் மோதிய பிறகே ஆட்டக்காரருக்குத் தவறு தெரிகிறது. பலர் பரிந்துரைக்கும் மாற்று, கைப்பேசியையே ஸ்டியரிங் போலச் சாய்ப்பது. இது புவியீர்ப்பின் திசையை உணரும் முடுக்கமானியால் இயங்குகிறது. இரு நிலைகளுக்கு இடைப்பட்ட எல்லா அளவுகளையும் அது தருகிறது என்பது மெய்யான ஆதாயம். ஆயினும் உண்மையான ஸ்டியரிங் தானே நடுவுக்குத் திரும்பும். சாய்த்த கைப்பேசிக்கு அந்த எதிர்விசை கிடையாது. கூடவே, காட்சியும் கையோடு சேர்ந்து சாய்வதால், கவனம் மிகத் தேவைப்படும் கூர்வளைவிலேயே கண் தடுமாறுகிறது. படுத்துக்கொண்டு ஆட விரும்புவோருக்கு இது உதவாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எமுலேட்டரைப் பற்றிக் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. பழைய தொலைக்காட்சிக்காக நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் வரையப்பட்ட படம் இன்றைய நீண்ட கைப்பேசித் திரையின் இரு ஓரங்களையும் வெறுமையாக விடுகிறது. குறைபாடாகத் தோன்றும் அந்தக் கறுப்புப் பட்டைகளே கட்டைவிரல்கள் சாலையை மறைக்காமல் தங்கும் இடமாகின்றன. திரை முழுவதையும் நிரப்பும்படி புதிதாக அமைக்கப்பட்ட பதிப்பிலோ விரல்கள் காட்சியின் மீதே அமர்கின்றன.

காதுக்கு வருவோம். உள்ளங்கையளவு திரையில் தொலைவில் உள்ள வளைவு சில புள்ளிகளாகவே தெரிவதால், இணை ஓட்டுநரின் குரலைப் புறக்கணித்து ஓட்டுவது பெரிய தொலைக்காட்சியில் ஓரளவு முடியும், கைப்பேசியில் முடியாது. இவ்வகையில் சிறிய திரை ஆட்டக்காரரை உண்மையான ராலி ஓட்டுநரின் நிலைக்கு நெருக்கமாகக் கொண்டுசெல்கிறது. கைப்பேசி ஆட்டத்தின் தலையாய சிறப்பு இதுவே எனலாம். ஆனால் கைப்பேசி ஆடப்படும் இடங்களான பேருந்தும் காத்திருப்பு அறையும் ஒலியை அடக்கி வைக்கச் சொல்லும் இடங்கள். ஒலியில்லாத ராலி விளையாட்டு என்பது கண்ணுக்குப் புலப்படாத வளைவுகளில் திரும்பத் திரும்ப மோதும் பயிற்சியன்றி வேறில்லை. கம்பியில்லா இயர்போன் இதற்குப் பாதித் தீர்வே. அதில் ஒலி ஐந்தில் ஒரு நொடி தாமதமாக வருவதாகக் கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் அதற்குள் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். பாதைக்குறிப்பு வளைவுக்கு முன்பே சொல்லப்படுவதால் அதற்கு இழப்பு சிறிதே. சக்கரம் பிடிமானம் இழப்பதைத் தெரிவிக்கும் சரளைக்கல்லின் இரைச்சலும், கியர் மாற்றும் நேரத்தை உணர்த்தும் எஞ்சின் ஒலியுமே பயனற்றுப் போகின்றன. பழைய கம்பி இயர்போன் இங்கு புதியதை வெல்கிறது.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை 2013-ஆம் ஆண்டுப் பதிப்பைக் கடுமையாகவே மதிப்பிட வேண்டும். எட்டு நாடுகளில் ஆஸ்திரேலியா, கிரீஸ், பிரான்ஸ் (கோர்சிகா) என்னும் மூன்றின் சாலைகளே அதில் எஞ்சின; சுவீடனின் பனி போயிற்று. தளம் மாறும்போது பிடிமானமும் ஓட்டும் முறையும் மாறுவதே ராலியின் சாரம் என்றிருக்க, தளங்களைக் குறைப்பது அளவில் மட்டும் செய்த குறைப்பு ஆகாது. ஒரு கட்டம் சில நிமிடங்களில் முடிவதால் கைப்பேசிக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது என்ற வாதம் சரியானதே. ஆனால் முந்தைய கட்டத்தில் நசுங்கிய காரோடு, பழுதுபார்க்கக் கிடைக்கும் வரையறுத்த நேரத்தை எதற்குச் செலவிடுவது என்று கணக்கிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும் இறுக்கம், ஒரு கட்டத்தை மட்டும் ஆடி மூடி வைப்போருக்குக் கிட்டுவதில்லை. 2014-இல் இதே கைப்பேசிப் பதிப்பு கணினிக்கு வந்தபோது, முழுமையான இரண்டாம் பாகத்தை எதிர்பார்த்து வாங்கியவர்கள் கொதித்தெழ, நிறுவனம் பணத்தைத் திருப்பித்தர முன்வந்தது. கைப்பேசியில் பொறுத்துக்கொள்ளப்பட்ட சுருக்கம் மேசையில் பொறுக்கப்படவில்லை.

நீடிப்பு என்ற அளவுகோலிலும் இரு வழிகளும் வேறுபடுகின்றன. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது, 64-பிட் முறைக்குத் தயாரிப்பாளர்களே மாற்றித் தராத பழைய செயலிகள் அனைத்தும் இயங்க மறுத்தன. பணம் கொடுத்து வாங்கியவரிடம் கோப்பு இருந்தும் விளையாட்டு இல்லை. கார் நிறுவனங்களின் பெயரையும் வடிவத்தையும் உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் விளையாட்டுகளை, உரிமக் காலம் முடிந்தபின் கடைகளிலிருந்து எடுத்துவிடுவதும் உண்டு. எமுலேட்டருக்கோ சொந்த வட்டு வேண்டும். வட்டின்றிப் பெறப்படும் நகல் பதிப்புரிமை மீறலே என்பதில் ஐயமில்லை. அந்த வட்டு கையில் உள்ளவருக்கு மட்டும், சுவீடனின் பனியும் கிரிஸ்ட்டின் குரலும் அவர் அடுத்து வாங்கும் கைப்பேசியிலும் கிடைக்கும்.