பைதன் மொழியும் வழுவமைதியும்

மக்கள் வழங்கும் மொழியிலே பழைய வழக்கும் புதிய வழக்கும் நெடுங்காலம் ஒருங்கே உலவுதல் இயல்பு. விதியோடு முரண்படுவனவற்றுட் சிலவற்றை வழுவமைதியென ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மையும் தமிழிலக்கண நூலாருக்கு உண்டு. கணினிக்கோ அப்பெருந்தன்மை இல்லை. விதி மாறிய அன்றே பழைய தொடர் பிழையாகிவிடும். ஆதலின், நிரல் மொழியொன்றைத் திருத்துவோர் அம்மொழியில் முன்னரே எழுதிவைத்தோருக்கு எவ்வளவு கடமைப்பட்டவர் என்பது ஆராயத்தக்கது. கைடோ வான் றொசம் ஆக்கிய பைதன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2008 டிசெம்பர் 3 ஆம் நாள் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு, முந்திய பதிப்போடு இயைந்து செல்லும் கடப்பாட்டை வெளிப்படையாகவே கைவிட்டது.

கைவிட்டமைக்குத் தக்க காரணம் இருந்தது. இரண்டாம் பதிப்பிலே சாதாரண சரம் என்பது வெறும் பைற்றுக்களின் வரிசை. 'தமிழ்' என்னும் சொல்லை யூ.ரி.எஃப்-8 முறையில் எழுதி அதன் நீளத்தைக் கேட்டால் 15 என விடை வரும். மூன்றாம் பதிப்பு 5 என்கிறது. உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் வருவது அது. மூன்றெழுத்தென்னும் தமிழ்க் கணக்குக்கு இதுவும் ஒவ்வாது. ஆயினும் எழுத்தை எழுத்தாக மதிக்கத் தொடங்கியமை சிறிய பேறன்று.

மாற்றங்களுள் 'பிரின்ற்' என்னும் ஏவலுக்கு அடைப்புக்குறி வேண்டுமென்றதே பலராலும் பழிக்கப்பட்டது. அப்பழி பொருந்தாது. குறியின்றி எழுதினால் நிரல் இயங்காது நின்று, பிழையுள்ள வரியையும் காட்டிவிடும். அஞ்சத்தக்கது வகுத்தலில் நிகழ்ந்த மாற்றமே. 145 ஐ 2 ஆல் வகுத்தால் பழைய பதிப்பு 72 என்றது, புதியது 72.5 என்கிறது. இரண்டிலும் நிரல் தடையின்றி ஓடும், எச்சரிக்கை எழாது. மாணவர் சராசரியைக் கணிக்கும் நிரலொன்றிலே எவர் இதனைக் கண்டுபிடிப்பார்? 2001 இல் வந்த 2.2 ஆம் பதிப்பே முழுவெண் வகுத்தலுக்கு இரட்டைச் சாய்கோட்டைத் தந்து, வரப்போகும் விதியை முன்னரே ஏற்கவும் வழிசெய்திருந்தது உண்மை. எனினும் அதனைக் கையாளாதோரின் பழைய நிரல்களுக்கு அதனாற் பயனில்லை.

திருத்தியோரின் பெருங்குறை வேறொன்று. பழைய நிரலைப் புதியதாகப் பெயர்க்கும் கருவியொன்றை வழங்கி, ஒருமுறை பெயர்த்தாற் போதுமென அவர் கருதினர். நிரலகங்களை எழுதுவோரிடமோ இருபதிப்பாரும் வந்தனர். ஒரே நிரலை இரண்டிலும் இயக்க அவர் முயன்றபோது, யூனிக்கோட்டுச் சரத்தின் முன் இடப்படும் 'யூ' என்னும் சிற்றெழுத்தும் தடையாயிற்று. மூன்றாம் பதிப்பில் அது தேவையற்றது, தேவையற்றதென்று நீக்கியும்விட்டனர். 2012 இல் 3.3 ஆம் பதிப்பிலே அதனை மீண்டும் ஏற்றனர். பொருளொன்றும் தராத அவ்வெழுத்தை ஏற்றமையாற் பலரின் வேலை எளிதாயிற்று. 2008 இலேயே செய்திருக்கக்கூடிய வழுவமைதி இது. பழையதை விட்டு நீங்கமாட்டாதார் பலர் எஞ்சியிருந்தமையின், 2015 இல் முடியவிருந்த 2.7 ஆம் பதிப்பின் பராமரிப்பை 2020 வரை நீட்டவும் நேர்ந்தது.