நேர்கோடும் புக்கிட் மேராவும்

ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில், மோனசைட்டிலிருந்து அருமண் பிரித்த ஏசியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையைத் தடுத்தது. 1993-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

கதிரின் தீங்கை மதிப்பிடுவோர் கைக்கொள்வது நேர்கோட்டுக் கணக்கு: அளவு ஏறினால் புற்றுநோய் இடரும் அதே வீதத்தில் ஏறும். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியோர் நொடியில் பெற்ற கதிரே அதன் முதன்மை ஆதாரம். சிறுகச் சிறுகப் பெறுவோர்க்கும் அதையே நீட்டுகின்றனர். கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணல்மேல் வாழ்வோரிடம் மிகைப் புற்றுநோய் காணவில்லை என்றது 2009-ஆம் ஆண்டு ஆய்வு. ஆனால் அங்கு அளந்தது புறக்கதிர். மூச்சில் புகும் ஆலைத் தூசிக்கு அது சான்றாகுமா?

சிற்றூரில் கூடுதல் நோய் இருப்பினும் கணக்கில் தெரியாமற் போகலாம். தெரியவில்லை என்பது இல்லை என்றாகாது. கோடு வரையக் கற்பிக்கும் நாம், அது எதுவரை பொருந்தும் என்பதையும் கற்பித்தல் வேண்டும்.